பொருளாளர் அறிக்கையில் சேர்க்காதது

மண்டபத்துக்கு மெல்பேர்ன் பெயர் கிடைத்துவிட்டது.
இரசாயனகூடம் மருதானை சித்தி ஜெஸீமாவுக்கு,
இரண்டு மகள்மாரின் பெயரால்.
லூர்து மாதா கெபிக்கு மூன்று பேர் போட்டி;
ஒருத்திக்கு மாதா, ஒருத்திக்குப் பெர்னதெத்,
மற்றவளுக்கு ஓடுகிற நீர் என்று பிரித்துக் கொடுத்தோம்.
பியானோவை டொரொன்டோக் கிளை திருத்தும்.

மிஞ்சியது
பின்மதிலோரம் பதினொரு கழிவறைகள்.

சூம் கூட்டத்தில் அதைச் சொன்னேன்.
யூஜினி பல்தசார் இருமினாள்.
லண்டனில் யாரோ கேத்தலை அடுப்பில் வைத்தார்கள்.
"கல்லில என்னெண்டு எழுதுறது?" என்றது ஒரு குரல்.
சிரித்தோம், நானும்தான்.
பிறகு ஒவ்வொரு ஒலிவாங்கியாக ஊமையானது.

இருபத்தொரு வருடமாக நான் பொருளாளர்.
டொலர் ஏறி இறங்கும் விதம்,
தருவதாகச் சொல்லித் தராதவர்கள்,
சஞ்சிகையில் படம் சிறிதாகிவிட்டதென்று
இன்றுவரை என்னோடு பேசாதவர்கள்,
எல்லாம் கோப்பில் உண்டு.
கோப்பில் இல்லாதது,
காலை ஏழிலிருந்து இரண்டுவரை
ஒரு மிடறு தண்ணீர் குடிக்காத என் பத்து வருடம்.
தாழ்ப்பாளில்லாத கதவை
வெளியே நின்று பிடிக்க ஒரு தோழி வேண்டும்.
பரீட்சை நாளில் தோழி கிடைக்கமாட்டாள்.
ஒக்டோபர் செபமாலையில், ஐந்தாம் தேவரகசியத்தில்,
முழந்தாளிட்டு எங்களில் பாதிப்பேர் மன்றாடியது
உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக அல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை
கொச்சிக்கடைக் கோவில் நெரிசலிலிருந்து நேரே வந்தாள்,
விரல்களில் மெழுகுதிரிப் பிசுக்கோடு.
எமரன்சியா டலிமா,
எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு பீ.
முகம் ஞாபகம் வரவில்லை.
இடாப்பில் பெயர் இருந்தது; மே மாதத்தோடு சிவப்புக் கோடு.

முகத்துவாரத்தில் இடியப்பம் அவிக்கிறாள்,
ஆறு ஹோட்டலுக்கு.
பையை மேசையில் கவிழ்த்தாள்.
ஐம்பது, நூறு, ஆயிரம், எல்லாவற்றிலும் மா வாசம்.
எண்ணினோம். திரும்பவும் எண்ணினோம்.
ஓர் இலட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூறு.

"கக்கூசுக்கு" என்றாள்.

'கழிவறைத் தொகுதி' என்று எழுதினேன்.
"கக்கூசு எண்டே எழுதுங்க மிஸ்."

நான் காரணம் கேட்கவில்லை.
சில்லறையை அடுக்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள்:
"வெள்ளைச் சட்டை. மூணாம் பாடம்.
கழுவத் தண்ணியில்ல, பூட்டக் கதவில்ல.
செவரோட முதுக ஒட்டிக்கிட்டு
நண்டு மாதிரி கேட் வரைக்கும் நடந்தேன்.
பிறகு வரல்ல."

அதற்கு மேல் சோகப்பட அவளுக்கு நேரமில்லை;
ஹோட்டல்காரன் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தான்.

பற்றுச்சீட்டு 0862.
'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்ற கட்டத்துக்கு
என் பேனா தானாகப் போனது.
மரியாதை என்றுதான் நினைத்தேன்.
கையைத் தட்டிவிட்டாள்.
"என்ட பேரப் போடுங்க. முழுசா.
கதவுக்கு மேல ஒண்டு. உள்ளுக்கும் ஒண்டு,
குந்தியிருந்தாக் கண்ணுக்கு நேர தெரியிற மாதிரி."

இரண்டரைக் கழிவறைக்குக் காணும் என்றார் பாஸ்.
மற்ற அரை என்னுடையது.

ஆயர் தீர்த்தம் தெளித்தபோது வாசலிலேயே நின்றுகொண்டார்.
ஆறாம் வகுப்புப் பிள்ளையொருத்தி
அவருக்குப் பின்னால் நழுவி உள்ளே போய்
தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள்,
திரும்பப் போட்டாள்.
அந்தச் சத்தத்தை எந்தத் தலைப்பின் கீழ் பதிவது?

இன்று இரவு எட்டரைக்கு மறுபடி கூட்டம்.
எட்டுக் கதவு பாக்கி.
ஒலிவாங்கிகள் ஊமையாகட்டும்,
எவ்வளவு நேரமென்றாலும்.
பெரிய குவளை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு
குடித்தபடி
உட்கார்ந்திருப்பேன்.